நடுக்கோட்டுக் குறிப்புகள்

கூடைப்பந்துக் களத்தின் நடுவில் ஓடும் கோடு இரண்டு பக்கத்துக்கும் பொது என்றுதான் பார்க்க வருகிறவர்கள் பலரும் நினைத்திருக்கிறார்கள். அப்படி இல்லை. பந்து எந்த அணியிடம் இருக்கிறதோ அந்த அணியின் பேக் கோர்ட்டை, அதாவது அந்த அணி காக்கிற கூடை உள்ள பாதியை, சேர்ந்தது அது. 5 செ.மீ. அகலக் கோட்டின் மேல் ஷூ நுனி பட்டிருந்தாலும் ஆட்டக்காரன் இன்னும் பின்னால்தான் நிற்கிறான். பந்து எதிரணியின் கைக்குப் போனதும் அதே கோடு அவர்களுடைய பேக் கோர்ட் ஆகிவிடும். இத்தனை சுலபமாகக் கட்சி மாறும் கோடு களத்தில் வேறு இல்லை.

*

கொண்டப்பநாயக்கன்பட்டியில் மாலை வேளைகளில் நான் போய் உட்காரும் களம் சிமென்ட் தரை. கூடைக்குக் கீழே பழைய சரிவகக் கட்டம் இன்னும் மங்கலாகத் தெரிகிறது. 2010-இல் சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான ஃபிபா அதைச் செவ்வகமாக்கியது. மூன்று புள்ளிக் கோட்டையும் 6.25 மீட்டரிலிருந்து 6.75-க்குத் தள்ளியது. இங்கே பழையதை அழிக்காமல் அதன் மேலேயே புதுக்கட்டத்தை வேறு நிறத்தில் வரைந்திருக்கிறார்கள். போதாததற்கு வாலிபால் கோடு, பூப்பந்துக் கோடு எல்லாம் அதே தரையில்தான். இவ்வளவு கோடுகளுக்குள் நடுக்கோடுதான் அதிகம் தேய்ந்திருக்கிறது. பத்துப் பேரும் அதை மிதித்துக்கொண்டுதானே போய்வருகிறார்கள்.

*

இங்கே பந்தைத் தொட வருகிற பசங்களில் பலர் கபடியிலிருந்து வந்தவர்கள். கபடியில் பாடிப் போனவன் நடுக்கோட்டைத் திரும்பித் தொட்டால்தான் உயிர். கூடைப்பந்தில் திரும்பித் தொட்டால் பந்து போச்சு. இந்த ஒரு தலைகீழைப் புரியவைப்பதற்குள் பயிற்சியாளருக்குப் போதும் போதும் என்றாகிவிடுகிறது. வாயால் சொன்னால் எல்லாரும் தலையாட்டுவார்கள். ஆட்டத்தில் இரண்டு பேர் கையை விரித்துக்கொண்டு மேலே வந்து விழுந்ததும் உடம்பு பழகிய பக்கமே திரும்பும். வீடு பின்னால் இருக்கிறது என்று கால் நினைக்கிறது.

*

போன வாரம் கேட்டது. விசில் வைத்திருந்தவன் மூத்த பையன். பந்தைத் தட்டிக்கொண்டு வந்த சின்னவன் கோட்டருகே வந்து, தடுக்க ஆள் வந்ததும் பின்வாங்கினான். விசில்.

“எதுக்குடா அடிச்சே?” என்றார் பயிற்சியாளர்.

“பேக் கோர்ட்டுங்க சார். தாண்டிட்டுத் திரும்பி வந்துட்டான்.”

“எது தாண்டுச்சு?”

“அவன்தான் சார்.”

“அவன் தாண்டலடா. ஒரு காலுதான் தாண்டுச்சு. பந்து அந்தப் பக்கம், ஒரு காலு அந்தப் பக்கம், இன்னொரு காலு எங்க இருந்துச்சு?”

மூத்தவன் தரையைப் பார்த்தான். சின்னவன் தன் காலைப் பார்த்தான். அவனுக்கே தெரியவில்லை.

“மூணும் போகணும். ரெண்டு காலு, ஒரு பந்து. மூணும் அந்தப் பக்கம் போனாத்தான் அவன் அந்தப் பக்கம். பந்தைக் குடு, ஆட்டத்தைப் போடு.”

பேக் கோர்ட் விதியில் உள்ளூர் ஆட்டங்களில் அதிகம் தப்பாக ஊதப்படுவது இதுதான். தட்டிக்கொண்டு வருகிறவனின் இரண்டு பாதமும் பந்தும் முழுமையாக எதிர்ப்பாதியில், அதாவது ஃப்ரண்ட் கோர்ட்டில், பட்டால்தான் கணக்கு. ஒரு கால் இங்கே ஒரு கால் அங்கே என்று கோட்டை அகட்டி நின்றபடி ஒருவன் பந்தைத் தட்டலாம். அந்தப் பக்கம் தட்டி இந்தப் பக்கம் இழுக்கலாம், திரும்பிப் பின்னாலேயே போய்விடலாம். பாதியைத் தாண்டக் கொடுத்திருக்கிற எட்டு நொடி ஓடிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான்.

கையில் பிடித்து நிற்பவனுக்கும் இதே கதைதான். அகட்டி நின்றபடி பின்னாலிருந்து வரும் பந்தைப் பிடித்து, பின்னால் நிற்பவனுக்கே திருப்பிக் கொடுக்கலாம். பின்காலையும் முன்னே எடுத்து வைத்துவிட்டால் கதவு சாத்தியாகிவிட்டது. அதற்குப் பிறகு கோட்டின் மேல் குதிகால் பட்டாலும் விசில்.

*

கோட்டைப் பற்றிய விதி என்று சொல்கிறோம். கோடு அதில் பாதிகூட இல்லை. மீதி எல்லாம் முன்பின் வரிசை. பந்து யாருடைய கட்டுப்பாட்டில் இருந்தது? ஃப்ரண்ட் கோர்ட்டுக்குள் போய்விட்டதா? அங்கே கடைசியாகத் தொட்டவன் யார்? பின்னால் முதலில் தொட்டவன் யார்? இரண்டாவதற்கு ஆம் என்றும் மற்ற மூன்றுக்கும் ஒரே அணி என்றும் விடை வந்தால்தான் குற்றம். ஒரு கேள்விக்கு விடை மாறினாலும் ஆட்டம் தொடரும்.

இந்த வரிசையை மனசில் வைத்துக்கொண்டு பார்த்தால், ஓரத்தில் நின்று “பேக் கோர்ட்! பேக் கோர்ட்!” என்று கத்துவதில் பெரும்பங்கு வீண் கத்தல் என்று தெரியும். கூடையை நோக்கி எறிந்த பந்து வளையத்தில் பட்டு நெடுந்தூரம் துள்ளுகிறது. நம் பையன் எகிறி விரல் நுனியால் தட்டிவிடுகிறான். அது நடுக்கோட்டைத் தாண்டிப் பின்னால் உருள்கிறது. இன்னொரு நம் பையன் ஓடிப்போய் எடுக்கிறான். கூட்டம் கத்துகிறது. குற்றமே இல்லை. பந்து எறிந்தவன் கையை விட்டதுமே அணியின் கட்டுப்பாடு முடிந்துவிட்டது. விரலால் தட்டிவிடுவது கட்டுப்பாடு ஆகாது. முதல் கேள்வியிலேயே வழக்கு தள்ளுபடி.

ஆட்டத் தொடக்க ஜம்ப் பாலிலும் அப்படியே. எகிறியவன் பின்னால் நிற்கும் தன் ஆளுக்குத் தட்டிவிடலாம். யாரும் இன்னும் பந்தைப் பிடிக்கவில்லையே.

எதிராளி கை பட்டால்? நாம் கொடுத்த பாஸை ஃப்ரண்ட் கோர்ட்டில் எதிராளி தட்டிவிட, பந்து நம் பேக் கோர்ட்டுக்கு ஓடுகிறது. கடைசியாகத் தொட்டவன் அவன். நாம் தாராளமாக எடுக்கலாம். எட்டு நொடியும் புதிதாகக் கிடைக்கும். ஆனால் அவன் தட்டிய பந்து நம் பையன் முழங்காலில் பட்டு அதன் பிறகு பின்னால் போனால், கடைசியாகத் தொட்டது நம் முழங்கால். எடுத்தால் விசில். எடுக்காமல் விட்டால் எதிராளி எடுத்துக்கொண்டு ஓடுவான். இந்த இடத்தில் நடுவர் பார்க்க வேண்டியது ஒரு முழங்காலை. கேமரா இல்லாத களத்தில் அதைச் சரியாகப் பார்க்கிற நடுவர் பெரிய ஆள்தான்.

*

விதியில் ஒரே ஒரு தாராளம் உண்டு. எதிரணியின் பாஸை வெட்டுகிறவனுக்கு அது. தன் ஃப்ரண்ட் கோர்ட்டிலிருந்து எகிறி, காற்றில் இருக்கும்போதே பந்தைப் பிடித்து, தன் பேக் கோர்ட்டில் வந்து இறங்கலாம். அந்தரத்தில் கட்டுப்பாடு பிறந்துவிட்டது. எகிறிய இடம் முன்களம் என்பதால் அவனும் முன்களத்தவன்தான். கணக்குப்படி இறங்குவது குற்றம். ஆனால் அப்படிப் பார்த்தால் ஒருவனும் துணிந்து வெட்ட மாட்டான். அதனால் விட்டுவைத்தார்கள்.

இந்தச் சலுகை இறங்குவதற்கு மட்டும். அந்தரத்திலிருந்தே பேக் கோர்ட்டில் நிற்கும் கூட்டாளிக்குத் தள்ளிவிட்டால் குற்றம். த்ரோ-இன்னைப் பிடிப்பவனுக்கும் சலுகை கிடையாது. வெளியே நிற்பவனிடம் பந்து கொடுக்கப்பட்டதுமே அந்த அணியின் கட்டுப்பாடு தொடங்கிவிட்டது. அந்தரத்தில் புதிதாக ஒன்றும் பிறக்கவில்லை. எகிறியவன் முன்களத்திலிருந்து எகிறி, பிடித்து, பின்னால் இறங்கினால் பந்தைக் கொடுத்துவிட்டு வர வேண்டியதுதான்.

கட்டுப்பாடு எப்போது பிறக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இதைப் பசங்களுக்குச் சொல்லிக்கொடுப்பவர்களை அபூர்வமாகத்தான் பார்க்கிறேன். “கோட்டைத் தாண்டினா திரும்பக் கூடாது” என்று ஒற்றை வரியில் முடித்துவிடுகிறார்கள். பையன் பயந்துபோய், திரும்ப உரிமையுள்ள இடத்திலும் திரும்பாமல் மாட்டிக்கொள்கிறான்.

*

ஜேம்ஸ் நைஸ்மித் 1891 டிசம்பரில் ஸ்பிரிங்ஃபீல்டில் பீச் பழக்கூடைகளை மாட்டி இந்த விளையாட்டை ஆடவைத்தபோது 13 விதிகள். நடுக்கோடு பற்றி அதில் பேச்சே இல்லை. பந்தோடு ஓடக் கூடாது, பிடித்துத் தள்ளக் கூடாது என்கிற கவலைதான் அவருக்கு.

கோடு வந்தது ஏமாற்றால். முன்னணியில் இருக்கும் அணி பந்தை வைத்துக்கொண்டு முழுக் களத்திலும் சும்மா சுற்றிச் சுற்றி வந்தது. துரத்துகிறவனுக்கு 28 மீட்டர் நீளக் களம் ரொம்பப் பெரிது. 1932-33 பருவத்தில் அமெரிக்கக் கல்லூரி ஆட்டத்தில் பத்து நொடி விதி வந்தது. பத்து நொடிக்குள் பாதியைத் தாண்டு, தாண்டினால் திரும்பாதே. முழுக் களம் அரைக்களமாகச் சுருங்கியது. ஒளிய இடம் பாதியானது.

அரைக்களத்துக்குள்ளும் ஒளிந்தார்கள். 1950 நவம்பர் 22 அன்று ஃபோர்ட் வெய்ன் பிஸ்டன்ஸ் அணி மினியாபொலிஸ் லேக்கர்ஸை 19-18 என்று வென்றது. முழு ஆட்டத்துக்கும் அவ்வளவுதான் புள்ளி. நான்கே ஆண்டில், 1954-இல், என்பிஏ 24 நொடிக் கடிகாரத்தைக் கொண்டுவந்தது. சிராக்யூஸ் அணியின் உரிமையாளர் டேனி பியசோன் போட்ட கணக்கு அது: விறுவிறுப்பான ஆட்டத்தில் இரு அணியும் சேர்ந்து 120 முறை கூடைக்கு எறிகின்றன, 48 நிமிடம் என்றால் 2,880 நொடி, வகுத்தால் 24. மளிகைக் கடையில் போடுகிற கணக்குதான். இன்றுவரை நிற்கிறது.

ஃபிபா முதலில் 30 நொடி வைத்திருந்து, 2000-இல் 24 ஆக்கியது. அதே கையோடு பத்து நொடியை எட்டாக்கியது. என்பிஏ மறு ஆண்டு பின்தொடர்ந்தது. அமெரிக்கக் கல்லூரி ஆண்கள் இன்னும் பத்திலேயே இருக்கிறார்கள். அங்கே கல்லூரிப் பெண்களுக்கு 2013-14 வரை இந்த விதியே கிடையாது. கைப்பேசியில் வெளிநாட்டு ஆட்டம் பார்த்துவிட்டு வந்து இங்கே நடுவரிடம் சண்டை போடுகிற பையன்கள் முதலில் எந்த ஊர் ஆட்டத்தைப் பார்த்தோம் என்று யோசிக்க வேண்டும். நாம் ஆடுவது ஃபிபா விதி.

*

அரைக்களம் 14 மீட்டர். எட்டு நொடி. நொடிக்கு 1.75 மீட்டர். ஓடக்கூட வேண்டாம், வேக நடை போதும். ஆகவே எட்டு நொடிக் குற்றம் என்பது கால் தாமதமானதால் வருவதில்லை. வழி மறிக்கப்பட்டதால் வருவது.

*

பெரிய மைதானத்தில் 24 நொடிப் பலகை ஒளிர்கிறது. எட்டு நொடியைக் கணக்கிட நடுவர் ஒரு கண் அதன் மேல் வைத்தால் போதும். இங்கே பலகை கிடையாது. நடுவர் கையை வீசி எண்ணுகிறார், ஒரு வீச்சுக்கு ஒரு நொடி. வெயில் நாளில் வீச்சு நீளும். கூட்டம் கத்தினால் குறுகும். ஒரே நடுவரின் எட்டு, முதல் கால்பகுதியில் ஒரு மாதிரியும் கடைசிக் கால்பகுதியில் வேறு மாதிரியும் இருக்கிறது. யாரையும் குறை சொல்லவில்லை. எட்டு முடிந்ததும் எட்டு விரலைக் காட்டும்போது அவர் முகத்தில் இருக்கிற உறுதியில்தான் தீர்ப்பு நிற்கிறது.

எண்ணிக்கை எப்போது புதிதாகத் தொடங்கும், எப்போது விட்ட இடத்திலிருந்து தொடரும் என்பது தனிப் பஞ்சாயத்து. எதிராளி பந்தை வெளியே தட்டிவிட்டால் நமக்குத்தான் த்ரோ-இன், ஆனால் எட்டு புதிதாகாது. ஐந்து போயிருந்தால் மூன்றுதான் மிச்சம். நம் ஆளுக்கு அடிபட்டு ஆட்டம் நின்றாலும் அதே. எதிராளி ஃபவுல் செய்தாலோ, வேண்டுமென்றே காலால் தடுத்தாலோ புது எட்டு. வெளியே தட்டிவிடுவது தப்பில்லை, உதைப்பது தப்பு. தப்புச் செய்தவனுக்கு லாபம் போகக் கூடாது என்பதுதான் பின்னால் இருக்கும் நியாயம்.

ஐந்து நொடி விதிகளையும் இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும். வெளியிலிருந்து போட ஐந்து நொடி. கையில் பிடித்தவனை ஒரு மீட்டருக்குள் ஒருவன் மறித்து நின்றால் ஐந்து நொடிக்குள் கொடுக்க வேண்டும், எறிய வேண்டும், இல்லை தட்ட வேண்டும்.

*

இந்த விளையாட்டு நம் பள்ளிக்கூடங்களுக்கு வந்த வழி சுவையானது. ஹாரி குரோ பக் ஸ்பிரிங்ஃபீல்டில் படித்தவர், நைஸ்மித்தின் அதே ஒய்எம்சிஏ கல்லூரி. 1920-இல் சென்னையில் ஒய்எம்சிஏ உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். பிறகு அது நந்தனத்தில் வேரூன்றியது. அங்கே பயின்ற உடற்பயிற்சி ஆசிரியர்கள் ஊர் ஊராகப் போனார்கள், பழக்கூடை ஆட்டமும் கூடவே போனது. விசிலைக் கயிற்றில் மாட்டிக்கொண்டு காலை அணிவகுப்பில் நிற்கிற பி.டி. வாத்தியார் என்கிற உருவமே பெருமளவு அந்தக் கல்லூரியின் கொடை என்று எனக்கு ஒரு எண்ணம். விதிநூலைத் தமிழ் வாயில் சொல்லிக்கொடுத்தவர்கள் அவர்கள்தான். “கால் ரெண்டும், பந்து ஒண்ணும்” என்பதெல்லாம் எந்த அச்சு நூலிலும் இல்லாத தமிழ்.

*

இரண்டு பேர் மறிக்கும் வலையை எங்கே விரிப்பது என்று கேட்டால் பழுத்த பயிற்சியாளர் நடுக்கோட்டுக்கு அந்தப்புறம், பக்கக்கோட்டை ஒட்டிய மூலையைக் காட்டுவார். பந்தோடு வருகிறவனைக் கோட்டைத் தாண்டவிட வேண்டும். இது முக்கியம். தாண்டுவதற்கு முன்னால் மறித்தால் அவன் பின்வாங்குவான். இரண்டு காலும் பந்தும் போன மறுகணம் இருவரும் பாய வேண்டும். அவனுக்குப் பின்னால் நடுக்கோடு, பக்கத்தில் பக்கக்கோடு, முன்னால் இரண்டு ஆள். கோடுகள் சம்பளம் வாங்காத தடுப்பாளர்கள்.

கெட்டிக்காரப் பையன் என்ன செய்வான் தெரியுமா? கோட்டுக்கு இரண்டடி முன்னாலேயே வேகத்தைக் குறைத்து, தலையை நிமிர்த்தி, பந்தை நடுக்களத்துக்கு மாற்றி, நடுவழியாகத் தாண்டுவான். தட்டுவதை நிறுத்த மாட்டான். அந்த இடத்தில் பந்தைக் கையில் பிடித்தவன் செத்தான். மே மாதம் கரூரிலும் பெரியகுளத்திலும் நடக்கிற அகில இந்தியப் போட்டிகளுக்குப் போகிறவர்கள், கூடைக்குள் விழுவதை விட்டுவிட்டு ஒரு கால்பகுதி முழுக்க, பந்தை ஏற்றிக்கொண்டு வருகிற நல்ல கார்டு ஒருவரின் காலை மட்டும் இந்த இடத்தில் பாருங்கள். டிக்கெட் காசு அதிலேயே கழிந்துவிடும்.

*

தண்டனை சின்னது மாதிரி தெரியும். புள்ளி இல்லை, ஃபவுல் கணக்கு இல்லை, பந்து மட்டும் கை மாறுகிறது. ஆனால் எங்கே கொடுக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். குற்றம் நடந்த இடத்துக்குப் பக்கத்தில், அதாவது எதிரணியின் ஃப்ரண்ட் கோர்ட்டில். அவர்கள் எட்டு நொடி பற்றிக் கவலைப்பட வேண்டாம், 14 நொடியில் எறிந்தால் போதும். நாம் 14 மீட்டர் கஷ்டப்பட்டு ஏற்றிய பந்தை அவர்கள் வாசலில் வைத்துவிட்டு வருகிறோம்.

*

பெண்கள் ஆட்டத்தில் கோடு ஒரு காலத்தில் வேலியாகவே இருந்தது. சென்டா பெரன்சன் 1892-இல் ஸ்மித் கல்லூரி மாணவிகளுக்காகக் களத்தை மூன்றாகப் பிரித்தார். அவரவர் பகுதியை விட்டு யாரும் வெளியே போகக் கூடாது. அந்தக் கிளையின் மிச்சம்தான் நம் பெண்கள் பள்ளிகளில் ஆடுகிற நெட்பால். அதில் இன்றும் மூன்று பகுதி, யார் எங்கே போகலாம் என்று சட்டையிலேயே எழுதியிருக்கும். அயோவா மாநிலப் பள்ளிகளில் பாதிக்களத்தைத் தாண்டாத ஆறு பேர் ஆட்டம் 1993 வரை நீடித்தது. இங்கே மாலையில் பையன்களோடு சேர்ந்து முழுக் களமும் ஓடுகிற பிள்ளைகளிடம் இதைச் சொன்னேன். “அப்போ பாஸ் குடுத்துட்டு சும்மா நிக்கணுமாங்க?” என்று கேட்டுவிட்டு ஓடிவிட்டாள் ஒருத்தி.

*

3x3 ஆட்டத்துக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. ஒரே கூடை, அரைக்களம், 12 நொடி. ஆனால் அங்கேயும் ஒரு கோடு உண்டு. எதிரணி போட்ட பந்தையோ பறித்த பந்தையோ வளைவுக்கு வெளியே கொண்டுபோய்விட்டுத்தான் திரும்பி வந்து எறிய வேண்டும். நடுக்கோட்டில் திரும்பக் கூடாது என்று அடித்துச் சொன்ன பையனிடம் ஞாயிற்றுக்கிழமை 3x3 ஆடும்போது “பின்னால போ, பின்னால போ” என்று கத்த வேண்டியிருக்கிறது. அவன் நம்மைப் பார்க்கிற பார்வை!

*

இரண்டு நடுவர் முறையில் பந்துக்குப் பின்னால் வருபவர் ட்ரெயில், கூடைக்குக் கீழே முன்னால் ஓடுபவர் லீட். நடுக்கோடும் எட்டு நொடியும் ட்ரெயிலின் பொறுப்பு. உள்ளூர் ஆட்டங்களில் பெரும்பாலும் ஒரே நடுவர். அவர் கூடைக்குக் கீழே நடக்கும் தள்ளுமுள்ளைப் பார்க்க முன்னால் ஓடிவிடுகிறார். கோட்டைப் பார்க்க அங்கே யாரும் இல்லை. ஓரத்திலிருந்து கத்தல் வந்ததும் திரும்பிப் பார்த்து ஊதுகிறார். அவர் பார்ப்பது பந்து இப்போது எங்கே இருக்கிறது என்பதை. யார் கடைசியாகத் தொட்டான் என்பது அதற்குள் முடிந்துபோன கதை.

ஒற்றை நடுவர் என்றால் கோட்டருகே பந்து இருக்கும்வரை பின்னாலேயே நிற்கட்டும். கீழே ஒரு தள்ளு தப்பிப்போனால் போகட்டும்.

*

களத்துக்கு மறுபடி பெயின்ட் அடிக்கப் பணம் திரட்டுகிறார்கள். நடுக்கோட்டை இரு பக்கமும் பக்கக்கோட்டுக்கு வெளியே 15 செ.மீ. நீட்டச் சொல்லியிருக்கிறேன். இரண்டாவது கால்பகுதியிலிருந்து ஒவ்வொரு கால்பகுதித் தொடக்கத்திலும், ஸ்கோர் மேசைக்கு எதிர்ப்பக்கம், அந்த நீட்டலை அகட்டி நின்றுதான் பந்தை உள்ளே போட வேண்டும். அப்படிப் போடுகிறவர் களத்தின் எந்தப் பக்கத்துக்கும் கொடுக்கலாம். பெயின்டர் அளந்துவிட்டு, “வெளிய எதுக்குங்க கோடு, அங்கதான் யாரும் ஆட மாட்டாங்களே?” என்றார். பிரஷ்ஷை வாங்கி நானே இடத்தைக் குறித்துக் கொடுத்தேன்.